கரித்துணி வேண்டாத கை

வீணா அந்த வாரத்தில் இரண்டாம் முறையாக மெஸ் வாசலில் வந்து நின்றபோதே காந்தாவுக்கு விளங்கிவிட்டது. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்துக்காகத் தெருத்தெருவாகச் சுற்றும் ஆஷா பணியாளருக்குப் பொம்மனஹள்ளியில் வேறு வீடா இல்லை? தொழுநோய் சர்வே என்று பையை மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே எட்டிப் பார்த்த இடத்துக்கே மறுபடி வருவானேன்?

நாகேஷின் மெஸ்ஸில் மத்தியானம் இருநூறு பேர் சாப்பிடுவார்கள், எல்லாம் கார்மெண்ட்ஸ் ஆட்கள். அடுப்பு காந்தாவின் பொறுப்பு. கொதிக்கிற சாம்பார் குண்டானைக் கரித்துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்குவாள். "காந்தாக்காவுக்கு இருக்கிறது கையில்லப்பா, இடுக்கி" என்பார்கள். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, போன தீபாவளி வரைக்கும். அன்றைக்கு இடது உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். எரிச்சலே இல்லை. மணிக்கட்டுக்கு மேலே காசு அகலத்துக்கு வெளுத்த தேமல் ஒன்று. அதன்மேல் எந்நேரமும் கொஞ்சம் கோதுமை மாவு அப்பிக்கொள்வாள்.

வெளியே தெரிந்தால் அடுப்பு போச்சு. குஷ்டக்காரி பொங்கின சோற்றை எவன் தின்பான்?

சொன்னது அம்புஜமாகத்தான் இருக்கும். காய் நறுக்குகிறவள். ஐந்து வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் தின்று பழகியவள், இப்போதெல்லாம் காந்தாவின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறாள். மாசத்தில் ஒருநாள் "ரேஷன் கார்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு எங்கோ போய் வருகிறாள். அப்படி என்ன தீராத ரேஷன் கார்டு? போன வருஷம் ஆள் வேறு கன்னங்கரேல் என்று கறுத்துப் போனாள். உள்ளே ஏதோ வைத்திருக்கிறாள். காந்தா போனால் கரண்டி அவள் கைக்குத்தானே வரும்?

"எல்லாரும் வாங்கம்மா, சீக்கிரம் ஆகட்டும், பந்தி போடணும்" என்று நாகேஷ் விரட்டினான்.

வீணா பேனா முனையை நீட்டினாள். "கண்ணை மூடிக்குங்க அக்கா. நான் தொடுற இடத்தை இன்னொரு கையால காட்டுங்க. அந்த மாவைக் கழுவிட்டு வாங்க."

காந்தா கழுவிக்கொண்டு வந்து கண்ணை மூடினாள். முழுக்க இல்லை, இமையோரம் ஒரு நூல் இடைவெளி விட்டு. பேனா தேமலைத் தொட்டது. காட்டினாள். சுண்டு விரல் பக்கம் தொட்டது. அதையும் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வீணா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். "இந்தத் தேமலை டாக்டர் ஒருதடவை பார்த்தா நல்லது. சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் இருப்பார்" என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

தப்பித்தாயிற்று. காந்தா திரும்பினாள். எதிரே அம்புஜம், பாதி நறுக்கின முள்ளங்கியோடு.

"கண்ணை மூடவே இல்ல நீ."

"உனக்கென்னடி? அவளை வரவழைச்சது நீதானே?"

"ஆமா. நான்தான்."

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று காந்தா எதிர்பார்க்கவில்லை. "கரண்டி மேல அவ்ளோ ஆசையா?"

"உன் கரண்டியைக் கொண்டுபோய்க் குப்பையில போடு." அம்புஜம் மசாலா டப்பாக்களுக்குப் பின்னாலிருந்த தன் பையைத் துழாவி, பிய்த்துத் தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். "பன்னண்டு மாசம் முழுங்கினேன். இது கடைசி அட்டை. நான் கறுத்தது இந்த மாத்திரையில. அடுப்புப் புகைன்னு கேலி பண்ணியே, ஞாபகம் இருக்கா?"

அப்போதும் காந்தாவுக்குச் சந்தேகம்தான் முந்திக்கொண்டது. "அப்போ இது உன்கிட்டேருந்து எனக்கு வந்ததா?"

அம்புஜம் அட்டையைத் திரும்பப் பைக்குள் திணித்தாள். "இருக்கலாம். மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பரவாதுன்னாங்க. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் என் உடம்புல இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்? அதனாலதான் சொன்னேன். திட்டணும்னா திட்டிக்க."

பிறகு வலக்கையை நீட்டினாள். சுண்டு விரல் உள்பக்கமாக மடங்கி நின்றது. கத்தி வெட்டில் மடங்கியது என்றுதான் இத்தனை நாளும் சொல்லியிருந்தாள். "நானும் உன்னை மாதிரி அரைக்கண்ணால பார்த்து ரெண்டு சர்வேயை ஏமாத்தினவதான். அதுல மிஞ்சினது இது. இனி நிமிராதாம்."

"நாகேஷுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க நிப்பேனா? வீணாவும் சொல்லல. வருஷம் முழுக்க இதே மணையில உட்கார்ந்து நறுக்கினேன், எல்லாரும் தின்னாங்க. யாருக்கு என்ன ஆச்சு?"

காந்தா கையை முந்தானையில் துடைத்தபடி தெருவுக்கு வந்தாள். வீணா பக்கத்து சந்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நாகேஷ் பார்க்கிறானா என்று காந்தா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி, கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

லாரி ஒன்று போனது. குக்கர் விசில் எங்கோ இரண்டு அடித்தது.

"என்னம்மா, தொடு."

"மூணு தடவை தொட்டுட்டேன் அக்கா."

காந்தா கண்ணைத் திறக்கவில்லை.

"பந்தி முடிஞ்சதும் வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் வீணா. "குண்டானை இறக்குறப்ப மட்டும் துணி பிடிச்சு இறக்குங்க."