சின்னவள் களத்து வெயில்

அந்த மலையடிவாரத்தில் சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பெரியவள் வீட்டுக்கு மத்தியானம் இரண்டரைக்கே வந்துவிடும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் முற்றம் இருண்டு, கோழிகள் குழம்பிப் போய்க் கூட்டுப் பக்கம் நடக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், சின்னவள் வீட்டுக் களத்தில் ஐந்து மணி வரைக்கும் வெயில் அடிக்கும். இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒன்றாக இருந்த நிலத்தை நாலு வருஷத்துக்கு முன்னால்தான் பாகம் பிரித்தார்கள். வெயிலை மட்டும் கடவுள் மொத்தமாகச் சின்னவள் பேருக்கு எழுதிவிட்டார் என்று பெரியவளுக்கு வயிறு எரியும்.

கடவுளைச் சொல்லிக் குற்றமில்லை. தேர்ந்தெடுத்தது அவளேதான். மாமனார் பாகம் பிரித்தது நல்ல கோடையில். "நீ மூத்தவ, எந்தப் பக்கம் வேணும்னு நீயே சொல்லும்மா" என்றார். மலையை ஒட்டின பக்கம் குளுகுளுவென்றிருந்தது, ஓடைத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. சட்டென்று அதைக் காட்டிவிட்டாள். ஒரு மரம்கூட இல்லாத மொட்டை மேடு சின்னவளுக்குப் போயிற்று. அன்றைக்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பெரியவள் உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிளகு பறித்துக் காய வைப்பது குளிர்காலத்தில். அப்போது சூரியன் ஒதுங்கிப் போய் மலைக்குப் பின்னால் சீக்கிரமே விழுந்துவிடும். இது அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். மண்டை பிளக்கும் வெயிலில் நிற்கும்போது குளிர்காலம் யாருக்கு ஞாபகம் வருகிறது?

அதன் பலனைத்தான் வருஷா வருஷம் அனுபவித்தாள். சின்னவள் மிளகு மூன்றே நாளில் கன்னங்கரேலென்று காய்ந்து, கையில் அள்ளினால் சலசலக்கும். இவளுடையது ஏழு நாளானாலும் சாம்பல் பூத்து நசநசவென்று கிடக்கும். வியாபாரி அதை விரலால் நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுச் சரக்கு மாதிரி இல்லையேம்மா" என்பான். அந்த நேரத்தில் அவனைக் கடித்துக் குதறலாம் போலிருக்கும். போதாக்குறைக்கு அவள் புருஷன் தினமும் மூன்று மணிக்குத் தம்பி வீட்டுக் களத்தில் போய் உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டு வருவான். வந்ததும் அவன் சட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். முதுகுப் பக்கம் வெதுவெதுவென்றிருக்கும். அந்தச் சூட்டின் மேலும் அவளுக்குப் பொறாமை.

"நம்ம மிளகையும் அங்க கொண்டுபோய்க் கொட்டினா என்ன? தம்பி பொண்டாட்டியே நாலு தடவை சொல்லிட்டா" என்றான் அவன் ஒரு நாள் ராத்திரி.

"அவ களத்துல என் மிளகு காயணும்னா, அதை ஓடையில கொட்டிட்டுப் போறேன்."

"நல்லா இருக்கு உன் நியாயம்."

"அவ நல்லவன்னு பேர் வாங்க என் மிளகுதான் கிடைச்சுதா?"

 மறுநாள் காலையில் அவள் துணி துவைத்துவிட்டு வந்தபோது முற்றத்துப் பாய் காலியாக இருந்தது. அண்ணனும் தம்பியும் சந்தைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். மிளகை அடுப்படிப் பரணில் ஏற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ரொம்ப ஈரமான நாட்களில் அப்படிச் செய்வது உண்டு.

மலை உச்சியில் தினமும் மத்தியானம் மேகம் வந்து உட்காரும். அதை நம்பிக் களத்து மிளகை அள்ள ஆரம்பித்தால் வேலை நடக்காது. மழை வருகிறதா என்பதைக் காதுதான் சொல்லும். மேலே காட்டு இலைகளில் விழுந்ததும் ஓவென்று ஒரு இரைச்சல் இறங்கும். அது மலையை ஒட்டின வீட்டுக்குத்தான் முதலில் கேட்கும். மேட்டு வீடுகளுக்குக் கேட்பதற்குள் மழையே வந்துவிடும். அதனால் முதலில் கேட்டவர் குரல் கொடுக்க வேண்டும், அடுத்தவர் வாங்கி அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். சண்டைக்காரர்கள் கூட இதில் தவறியதில்லை. பெரியவளுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் குரல். "அக்கா ஒரு சத்தம் போட்டா அடிவாரமே எழுந்து நிக்கும்" என்று சின்னவள் சொல்வாள்.

அன்றைக்கு மூன்று மணி வாக்கில் அந்த இரைச்சல் கேட்டது. பெரியவள் ஓடைக் கரைக்கு ஓடினாள். எதிரே மேட்டில் வெயில் தகதகவென்றிருந்தது. களம் முழுக்க மிளகு பரப்பிக் கிடக்க, சின்னவள் வெறுங்காலால் அதைக் கிளறியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தது. குளித்திருக்கிறாள், இந்த நேரத்தில். இந்த வெயிலில் வெந்நீர் கூட வேண்டியிருக்காது.

பெரியவள் வாயைத் திறந்தாள். குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

ஒரே ஒரு வருஷம் அவளுக்கும் பூஞ்சை பிடித்தால் என்ன? வியாபாரி அவளிடமும் மூக்கைச் சுளித்தால் குடியா முழுகிவிடும்? பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.  கூரையில் முதல் துளி விழுந்தபோது சந்தோஷமாகக் கூட இருந்தது.

மழை அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தது. விட்டதும் பரணில் மிளகு எப்படியிருக்கிறது என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். பரண் காலி. அடுப்படி, பின்கட்டு, தாழ்வாரம் என்று எங்கும் இல்லை. புருஷன் ராத்திரி சொன்னது ஞாபகம் வந்தது. அடப்பாவி மனுஷா என்று ஓடையில் இறங்கி, முட்டி வரை நனைந்து, மேடேறி ஓடினாள்.

களத்து ஓரத்தில் ஒரு குவியல் தார்ப்பாயால் மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துக் கிடந்தது. மற்ற மிளகெல்லாம் தண்ணீரில் மிதந்து வாய்க்கால் பக்கம் ஒதுங்கியிருந்தது. சின்னவள் தொப்பலாக நனைந்து முறத்தால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்கக்கா, உங்களுது நனையல" என்றாள். "உங்க வீட்டு மாமா காலையில கொண்டுவந்து கொட்டிட்டுப் போனார். இருந்தது ஒரே தார்ப்பாய். அடுத்தவங்க பொருளாச்சேன்னு அதை முதல்ல மூடினேன். என்னுதுக்கு வர்றதுக்குள்ள…" கையை விரித்தாள். "நீங்க வீட்டுல இல்லையோ? சத்தமே கேட்கலையே."

நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் உண்மை வெளியே விழுந்தது.

"வீட்டுலதான் இருந்தேன். இரைச்சல் கேட்டுச்சு. வேணும்னுதான் கூப்பிடல."

சின்னவள் முறத்தைக் கீழே வைத்தாள்.  பிறகு பிடித்துக்கொண்டாள் பாருங்கள்!

"நீங்கெல்லாம் ஒரு பொம்பளையா? உங்களுதைப் போய் முதல்ல மூடினேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்! நாலு வருஷமா அக்கா அக்கான்னு குழைஞ்சது பாசத்துலன்னு நினைச்சீங்களா? உங்க வாய்க்குப் பயந்து! நிழலையும் தண்ணியையும் சுருட்டிக்கிட்டு இந்தப் பொட்டல் மேட்டை என் தலையில கட்டினீங்களே! கைக்குழந்தையோட தகரக் கூரைக்குக் கீழ வெந்தேன். கோடையில நீங்க ஓடையில காலை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா, அப்படியே பிடிச்சுத் தள்ளிவிடலாமான்னு இருக்கும்!"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜமாவா?" என்று கேட்டாள். ஆசையாகவே கேட்டாள்.

"பின்னே பொய்யா? வயிறு எரியும். இப்பவும் எரியும்."

நாலு வருஷத்தில் சின்னவள் சொன்ன எந்த நல்ல வார்த்தையும் பெரியவளுக்கு இவ்வளவு இதமாக இருந்ததில்லை. அழுகையும் சிரிப்புமாக என்னவோ வந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கல்லை நகர்த்தித் தார்ப்பாயை விலக்கினாள். தன் மிளகை ஒரு கூடை நிறைய அள்ளிச் சின்னவள் வாசலில் வைத்தாள். அவள் வேண்டாம் என்பாள், வழக்கம்போல நல்லவளாகிவிடுவாள் என்று பயந்தாள்.

சின்னவள் கூடையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, இன்னும் போடுங்க என்பதுபோலக் காலிக் கூடையை மறுபடி அவளிடம் நீட்டினாள்.