சம்மட்டி வேலனுக்குச் சிவப்பு அட்டை

பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பிரஸ் மெஷினில் தகடு அடித்து லாரிகளுக்கு வேண்டிய பிராக்கெட் செய்கிறோம். பதினாறு வருடமாக நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடித்து வருகிற துண்டை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை அட்டை, திருத்த முடியும் என்றால் மஞ்சள், எதற்கும் உதவாது என்றால் சிவப்பு. சிவப்பு போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை அளக்க வேண்டும். போட்ட சிவப்பை இன்ஸ்பெக்டரைத் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது. இது என் சட்டம் அல்ல. பிளான்ட் மேனேஜர் பாலசுப்ரமணியன் சார் கையெழுத்துப் போட்டு, கேன்டீன் உட்பட ஐந்து இடங்களில் மாட்டி வைத்திருக்கும் உத்தரவு.

சினிமாவுக்கும் நான் அதே அட்டைதான் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தியேட்டர். தமிழ்ப் படம் ஒன்று விடமாட்டேன், நல்லதென்று யாராவது சொன்னால் கன்னடமும் பார்ப்பேன். ஜனவரி முதல் வாரத்தில், போன வருடம் பேர் அடிபட்ட படங்களை எல்லாம் ஒரு சார்ட் பேப்பரில் எழுதிக் கேன்டீன் சுவரில் மாட்டுவேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை, அதில் ஒரு வரி காரணம், கீழே என் கையெழுத்து. ஏழு வருடத்துக்கு முன்னால் விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் வீட்டில் டிவியைப் போடுகிறார்கள்.

போன வருடத்துக்கு மொத்தம் பன்னிரண்டு படம். ‘மூணாவது பிளாட்பாரம்’ பச்சை. ‘பேச வேண்டாத இடத்தில் பேசாமல் இருக்கிற படம்’ என்று எழுதினேன். ‘பேய் வீடு வாடகைக்கு’ மஞ்சள். ‘பேய் நன்றாக நடித்திருக்கிறது, மற்றவர்களைத் திரும்ப எடுக்கவும்.’ ‘அண்ணன் வர்றார் வழிவிடு’ சிவப்பு. ‘அண்ணன் வந்து சேர்வதற்குள் இடைவேளை வந்துவிட்டது.’ ‘கெரெ தண்டெ’, அதாவது ஏரிக்கரை, என்று ஒரு கன்னடப் படம், அதற்குப் பச்சை. ‘அழுதேன். யாரும் அழவைக்கவில்லை, நானாகத்தான் அழுதேன்.’ இதற்கெல்லாம் யாரும் வாயைத் திறக்கவில்லை. சிரித்துவிட்டுப் போனார்கள்.

வம்பு வந்தது ‘சம்மட்டி வேலன்’ படத்தால். வருடத்திலேயே பெரிய ஹிட். கதாநாயகன் எங்களைப் போல ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறான். கதாநாயகி அங்கே இன்ஸ்பெக்டர். அவன் அடித்த ஒரு பெட்டிச் சாமான் அளவு தவறிப் போகிறது. அவள் ரிஜெக்ட் செய்தால் அவனுக்கு வேலை போய்விடும். அவள் அளவுகோலைப் பார்க்கிறாள், அப்புறம் அவன் கண்ணைப் பார்க்கிறாள், ஓகே ஸ்டாம்ப்பை ஓங்கிக் குத்துகிறாள். உடனே பாட்டு. தியேட்டரில் விசில் பறந்தது. என் பக்கத்து சீட்டு ஆள் எழுந்து நின்று ஆடினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘அளவை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்து ஸ்டாம்ப் குத்துகிறவள் இன்ஸ்பெக்டரே இல்லை’ என்று எழுதிச் சிவப்பு அட்டை போட்டேன்.

மறுநாள் மெயின்டனன்ஸ் முனிராஜ் என் மேஜைக்கு வந்தான்.

“அக்கா, அது சினிமாக்கா. சும்னே ஏன் டென்ஷன் ஆவுற?”

“சினிமான்னா என் வேலையை வெச்சு வெளாட்டு காட்டுவாங்களா? அந்த ஹீரோ குடிச்சிட்டு ரிப்பேர் பண்ணுற மெக்கானிக்கா வந்திருந்தா நீ சும்மா இருப்பியா?”

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, “அதுக்கு நான் கெட்ட கோவம் பட்டிருப்பேன்” என்று ஒப்புக்கொண்டு போனான்.

பிரபா சொன்னதுதான் எனக்கு வலித்தது. அவள் பேக்கிங்கில் இருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் வரை பிரஸ் ஓட்டியவள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கையை எடுத்தால் பட்டன் மேலே வர வேண்டும். அந்தப் பட்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஒரு பெட்டி முழுக்க மட்டமாக வந்திருந்தது. வெளியிலிருந்து வரும் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றைய இன்ஸ்பெக்டர், சப்ளையர் தெரிந்தவர் என்பதால் பெட்டியைப் பிரிக்காமலே ஓகே போட்டார். பட்டன் மேலே வரவில்லை. பிரபா துண்டை எடுக்கக் கை வைத்தபோது பிரஸ் இன்னொரு தடவை இறங்கியது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

அந்தப் பிரபா சொல்கிறாள், “ஏ ஜானகி, நான் அந்தப் படத்தை மூணு வாட்டி பாத்தேன். பாட்டு நல்லாருக்கு, ஃபைட்டு நல்லாருக்கு. உனக்கு எதைப் பாத்தாலும் கொறைதான்.”

“நீயா இதைச் சொல்ற?”

“ஏன், விரல் போனா சினிமா பாக்கக் கூடாதா?”

இரண்டு நாள் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

மூன்றாவது நாள் மேனேஜர் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்து என் பக்கம் திருப்பினார். குவாலிட்டி இன்சார்ஜ் அந்த மாதக் கடைசியில் ரிடயர் ஆகிறார். அந்தப் பதவி எனக்கு என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. ஆசை இல்லை என்று நடிக்க மாட்டேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். எனக்குப் பின்னால் வந்த இரண்டு ஆண்கள் என்னைத் தாண்டி மேலே போனதைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான்.

“சங்கராந்தி ஃபங்ஷன்ல ஓனர் கையால குடுக்கலாம்னு இருக்கேன்மா” என்றார். “அன்னிக்குக் கேன்டீன்ல எல்லாருக்கும் ‘சம்மட்டி வேலன்’ போடறோம். உனக்குத் தெரியாதில்ல, என் பையன் தேஜஸ் அதுல அசிஸ்டன்ட் டைரக்டர். முதல் படம். டைட்டில்ல பேர் வரும்.”

“சந்தோஷம் சார்.”

“அவனும் வரான். அந்தச் சிவப்பு அட்டை மட்டும்... பச்சை போடச் சொல்லலை. இடத்தை வெறுமனே விட்டுடு, போதும்.”

அவர் கெட்டவர் அல்ல. மல்லேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற மனிதர். மகனின் பெயர் திரையில் வருவதைத் தொழிலாளிகள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஒரு தகப்பனுக்கு இருக்காதா? அது எனக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் இன்னும் கோபம் வந்தது. படத்தில் அவன் கண்ணைப் பார்த்து அவள் குத்தினாள். இங்கே நான் இவர் கண்ணைப் பார்த்துக் கழற்ற வேண்டுமாம்.

“யோசிச்சு சொல்றேன் சார்” என்றேன். வீட்டுக்கு லக்கெரெ போகிற பஸ்ஸில் உட்கார்ந்ததும் யோசனை முடிந்துவிட்டது. ஆனால் ஒரு தடவை மட்டும் பார்த்துத்தான் சிவப்பு போட்டிருந்தேன், அதனால் ஒரு காரியம் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் டிக்கெட் எடுத்து ‘சம்மட்டி வேலன்’ படத்தை முதல் சீனிலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்தேன். இரண்டாவது அளவும் அதேதான் சொன்னது.

சங்கராந்தி ஃபங்ஷனன்று மதியம் கேன்டீனில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லம், கரும்புத் துண்டு. ஓனர் வர அரைமணி நேரம் இருக்கும்போதே தேஜஸ் அப்பாவோடு வந்துவிட்டான். இருபத்தைந்து வயது இருக்கும், தாடி. நேராக என் சார்ட் பேப்பருக்குத்தான் போனான். பேய்க்கு எழுதியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தான். அப்புறம் தன் படத்தின் முன்னால் வந்து நின்றான். சிரிப்பு போய்விட்டது.

“யார் எழுதினது இது?”

“நான்தான் தம்பி.”

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

“அந்த ஸ்டாம்ப் சீன் என் ஐடியா மேடம்” என்றான் தேஜஸ். “டைரக்டர் என்னைக் கட்டிப் பிடிச்சார். ஊரே கைதட்டுது. உங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்கலை?”

“ஊர் கைதட்டட்டும் தம்பி. அந்த ஸ்டாம்ப்பைக் கையில வெச்சிருக்கிறது நான். அவ குத்தின பெட்டி எங்க போச்சுன்னு உங்க படத்துல யாராவது கேட்டாங்களா? அது எந்த லாரியில மாட்டுச்சு, அந்த லாரி எங்க நின்னுச்சு?”

அவன் விடவில்லை. விரலைப் பேப்பரில் வைத்தான். “சரி, ‘மூணாவது பிளாட்பாரம்’ படத்துக்குப் பச்சை போட்டிருக்கீங்களே? அதுல கடைசியில அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பொய் ரிப்போர்ட்ல கையெழுத்து போடறார். அதையும் நல்ல காரியமாத்தான் காட்டறாங்க. அது ஓகேவா?”

அந்தப் படத்தின் கடைசி எனக்குத் தெரியாது. இடைவேளையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது, நாங்கள் அனுப்பிய ஒரு லாட் சாமான் திரும்பி வந்துவிட்டது என்று. எழுந்து ஓடினேன். பெட்டியில் நாலு துண்டை எடுத்து அளந்துவிட்டு முழுப் பெட்டிக்கும் ஓகே போட்டுப் பழகிய கை. முதல் பாதி நன்றாக இருந்தது, மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று பச்சையை ஒட்டிவிட்டேன்.

எள்ளு மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனசு வரவில்லை.

“அதை நான் பாதிதான் பாத்தேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். “முழுசா பாக்காம பச்சை போட்டது என் தப்பு.” பச்சை அட்டையைக் கழற்றினேன். பையிலிருந்து மஞ்சளை எடுத்து, ‘பாதிதான் பார்த்தேன். மீதியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதி ஒட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. “நல்லது. தப்பு எல்லாருக்கும் வரும். அப்படியே அந்தச் சிவப்பையும் எடுத்துடும்மா.”

“அதை ஏன் சார் எடுக்கணும்?”

“ஒண்ணு தப்புன்னா இன்னொண்ணும் தப்பா இருக்கலாம் இல்லையா?”

“அது பாதி பாத்த படம் சார். இது முழுசா ரெண்டு வாட்டி பாத்த படம். செவப்பு போடணும்னா ரெண்டு வாட்டி அளக்கணும்னு நீங்கதான ரூல் போட்டீங்க? அளந்தாச்சு. எடுக்க மாட்டேன்.”

அவர் முகம் சுண்டிப் போயிற்று. “முனிராஜ், அதைக் கழட்டு” என்றார்.

முனிராஜ் கரும்பைக் கடித்தபடியே வந்தான். சார்ட் பேப்பரைப் பார்த்தான், பக்கத்துத் தூணைப் பார்த்தான். தூணில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த உத்தரவை விரலால் தட்டினான். “செவப்பு அட்டைய இன்ஸ்பெக்டர் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கு சார். கீழ உங்க சைன். நான் தொட்டா நாளைக்கு எனக்குத்தான மெமோ?”

யாரோ பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே தெரிந்த கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டார். அது அப்புறம் வெளியே வரவே இல்லை. அந்த நாற்காலியில் இன்றைக்கு வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது.

ஓனர் வந்தார், பேசினார், போனார். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். டைட்டிலில் தேஜஸ் பெயர் வந்தபோது நானும் கைதட்டினேன். பெயர் வந்ததற்குக் கை தட்டினால் என்ன, அது அவன் உழைப்பு.

அந்த ஸ்டாம்ப் சீன் வரப்போகிறது. கதாநாயகி அளவுகோலைக் கையில் எடுக்கிறாள். முன் வரிசையில் இருந்து ஒருத்தி எழுந்து, குனிந்தபடி எல்லாரையும் தாண்டிப் பின்னால் வந்தாள். பிரபா. நான் கேன்டீன் பின்கோடியில், சார்ட் பேப்பர் மாட்டிய சுவரை ஒட்டி, டீ பாய்லருக்கு மேலே எரிந்த ஒற்றை விளக்கடியில் நின்றுகொண்டிருந்தேன். தேஜஸும் அங்கேதான் நின்றான், ஜனங்கள் கைதட்டுவதைப் பார்க்க.

“ஏன் மேடம், இதுதான படத்துலயே பெஸ்ட் சீன், எழுந்து வந்துட்டீங்க?” என்று அவளைக் கேட்டான்.

“இந்த எடம் வந்தா நான் இருக்க மாட்டேன் தம்பி” என்றாள் பிரபா. “தியேட்டர்லயும் அப்படித்தான். மூணு வாட்டியும் எழுந்து போய்ப் பாட்டு ஆரமிச்சதும் வந்து ஒக்காந்துக்குவேன்.”

முன்னால் விசில் சத்தம். தேஜஸ் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான்.

நான் அவள் காதருகே, “அப்ப நீயும் முழுசா பாக்கல” என்றேன்.

“ஆமா. அட்டை ஒண்ணு குடு.”

சிவப்பை எடுத்து நீட்டினேன். தள்ளிவிட்டாள்.

“செவப்பு உன்னுது. எனக்குன்னு ஒரு புத்தி இருக்கு. மஞ்சள் குடு. மத்ததெல்லாம் நல்ல படம். அந்த எடத்தைத் திருத்தணும், அவ்வளவுதான்.”

மஞ்சளைக் கொடுத்தேன். சார்ட் பேப்பர் முன்னால் போய் நின்று, சுவரில் அட்டையை வைத்து இடது கையால் அழுத்தினாள். மீதி இருந்த விரல்களுக்கு அட்டை அடங்கவில்லை, வழுக்கிக்கொண்டே போயிற்று. தேஜஸ் அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தான். அவள் கையிலிருந்து அவன் கண் நகரவில்லை. அப்புறம் வந்து அட்டையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டான். பிரபா நிதானமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.