பதினேழாம் கலவை

1
இந்தக் கதை என் அண்ணி சொன்ன சின்னப் பொய்யில் பிறந்தது. வீட்டின் பின்னறையில் மாதம் இருபது புட்டி மட்டும் வாசனைத் திரவியம் செய்து விற்பவர் அவர். "புதுசுக்கு மூணு வரி எழுதிக் குடு தம்பி, புட்டியில ஒட்டணும்" என்றார். நம்பிப் போனேன்.

2
முதல் வரைவு: 'அடர்ந்த காட்டின் மர்மம்...' (அடித்துவிட்டேன். எல்லாப் புட்டியிலும் இதே காடுதான்.)

இரண்டாவது: 'தேவதாருவும் மிளகும் கைகோத்து...' (மிளகுக்கு ஏது கை?)

அண்ணி சிரிக்கவில்லை. "அழகா வேண்டாம். மூக்குல முதல்ல என்ன படுது?"

"மிளகு. அப்புறம் இப்பத்தான் அறுத்த பலகை. ரம்பம் சூடேறின மாதிரி ஓரத்துல லேசாக் கருகல்."

"அதுக்கு அடியில?"

"பல் டாக்டர் ரூம்."

அவர் கை நின்றது. "கிராம்பு தூக்கலாயிடுச்சு."

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. [பொய். அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது.]

"காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல. நாலு மாசமாச்சு. உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. நாளைக்குக் கடைக்காரர் வர்றார். இது பிடிக்கலேன்னா இனிமே வரமாட்டார்."

3
சேர்த்ததை எடுக்க முடியாது. புதிதாகக் கலந்தார்: கிராம்பு பாதி, அகில் மூன்று சொட்டு கூடுதல். காகிதத் துண்டில் தோய்த்து நீட்டினார். "இப்ப?"

நான் எழுத்தாளனாக இருந்திருக்க வேண்டிய தருணம் அது. 'மழை நின்ற பிறகு...' இல்லை. 'பூட்டியே கிடந்த அலமாரியை...' இல்லை.

"யாரோ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு, அண்ணி. எது மரம், எது மிளகுன்னு பிரிக்கத் தெரியல."

"அப்போ சரி" என்று மூடியைத் திருகினார்.

என் உளறலைக் காதால் முகர்ந்தே அதைச் செய்திருந்தார்.  

4
கடைக்காரர் இருபதையும் எடுத்துக்கொண்டார். புட்டியில் பதினேழு என்று கலவையின் எண்ணை மட்டும் ஒட்டினோம்.

இதற்கு இரண்டு முடிவுகள் யோசித்தேன். ஒன்றில் அண்ணிக்கு மோப்பம் திரும்புகிறது. இன்னொன்றில் அவர் அண்ணனிடம் உண்மையைச் சொல்கிறார். இரண்டாவது நேற்று நிஜமாகவே நடந்துவிட்டது. அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல முடிகிறது. "ரெண்டு மூக்கு இருந்தா நல்லதுதானே, என்னையும் கூப்பிடு" என்றாராம் அண்ணன்.

முதலாவதை நான் எழுதினால் அது வெறும் ஆசை. உங்கள் ஆசையை நீங்கள் எழுதி அனுப்புங்கள். அண்ணிக்கு வாசித்துக் காட்டுகிறேன். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.