ஒத்தாசைக் கவர்

சிமெண்டக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கலவை சரியில்லை என்று அவள் கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. "என்னப்பா இது?" என்று மெதுவாகக் கேட்டால்தான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடவேண்டும்.

சித்தாளாகச் சட்டி சுமந்தவள் அவள். கொத்தனார்கள் சாப்பிடப் போன நேரத்தில் கரண்டியைப் பிடித்துப் பழகி, சுவர் எழுப்பி, பிறகு ஆள் வைத்து வேலை எடுத்து, கடைசியில் மாநகராட்சியில் காண்ட்ராக்டர் என்று பதிவும் வாங்கிவிட்டாள். பதிவு வாங்கினால் ஆயிற்றா? வேலை வாங்க வேண்டாமா? அங்கேதான் வந்தது வினை.

வெளியே இருக்கிற நமக்கு டெண்டர் என்றால் என்ன தெரியும்? யார் குறைந்த விலைக்குச் செய்கிறேன் என்கிறாரோ அவருக்கு வேலை. அப்படித்தான் சட்டமும் சொல்கிறது, பாவம். நடப்பது வேறு. டெண்டர் போடுகிற நாளுக்கு முந்தின நாள் எல்லாக் காண்ட்ராக்டர்களும் ஒரு ஹார்டுவேர் கடையின் பின்பக்கத்தில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் கூடுவார்கள். இந்த வேலை இன்னாருக்கு என்று அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் கேட்டால் டெண்டர் செல்லாது. அதனால் மற்றவர்களும் கூடுதல் விலை போட்டு, தோற்பதற்கென்றே ஆளுக்கொரு கவர் கொடுக்கவேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஒத்தாசை. இன்றைக்கு நீ எனக்கு ஒத்தாசை, நாளைக்கு நான் உனக்கு. வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கவரோடு கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். விலையையெல்லாம் ஜெயிக்கப் போகிறவரின் ஆளே உட்கார்ந்து எழுதிக்கொள்வான்.

சிமெண்டக்காவை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டவன் அவளுடைய தம்பி. அவனும் காண்ட்ராக்டர்தான். "தனியா நின்னா பில் பாஸ் ஆகாது அக்கா, கூட்டத்தோட நில்லு" என்றான். நின்றாள். வருஷக் கணக்கில் நின்றாள். எல்லாருக்கும் ஒத்தாசை செய்தாள். அவளுடைய முறை மட்டும் வரவேயில்லை. ஜெயித்தவர்களே அவளைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க கட்டிக் குடுத்துடுங்க" என்பார்கள். அவள் கட்டுவாள். கல்வெட்டில் வேறு பெயர் இருக்கும்.

இந்த முறை அப்படி விடமுடியாத நிலை. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சொந்தப் பெயரில் ஒரு வேலையாவது எடுத்ததற்கு உத்தரவு காட்டவேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. ஊரில் பாதிச் சாக்கடை அவள் கை பட்டது. காகிதத்திலோ அவள் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. "இந்தத் தடவை உங்களுக்குத்தான் அக்கா" என்று எல்லாரும் வாயாரச் சொல்லியிருந்தார்கள்.

வேலை என்ன தெரியுமா? பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடுகிற வடிகால். ஓடுகிற என்று சொன்னதும் தப்பு. அது ஓடாது, நிற்கும். போன தடவை மாப்பிள்ளை கட்டியது அது. மாப்பிள்ளை என்பவன் வார்டு மெம்பரின் மகளைக் கட்டியவன். ஊரே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். மாமனார் மட்டும் வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடுவார், அதை இங்கே எழுத முடியாது. தண்ணீர் இறங்கி ஓடுவதற்கு வாட்டம் வைக்கவேண்டும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. மழை பெய்தால் தண்ணீர் திரும்பி ஆஸ்பத்திரிக்குள்ளேயே வரும். பெற்றுப் போட்ட பச்சை உடம்புக்காரியை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்தக் கறுப்புத் தண்ணீரில் நடந்ததைச் சிமெண்டக்கா தன் கண்ணால் பார்த்தாள். அந்தப் பெண் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த வடிகாலுக்கும் ஒத்தாசைக் கவர் கொடுத்தவள்தானே நான் என்று சிமெண்டக்கா நினைத்துக்கொண்டாள்.

அதனால்தான் கேட்டு வாங்கியிருந்தாள், இந்த வேலை எனக்கு என்று.

ஹார்டுவேர் கடைக்குப் போனால் மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா வாங்க வாங்க. ஒரு சின்ன மாற்றம். இந்த வேலைய நானே எடுத்துக்கறேன். மாமா சொல்லிட்டாரு."

"நீங்க கட்டினதுதான் நிக்குதே மாப்பிள்ளை, தண்ணியோட."

சுற்றி இருந்த காண்ட்ராக்டர்களிடம் சிரிப்பு எழுந்து, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"அதான் திரும்பக் கட்டறோம்ல? உங்களுக்கு அடுத்த தடவை."

"அடுத்த தடவைக்குள்ள என் பதிவே இருக்காது."

"பதிவு எதுக்கு அக்கா உங்களுக்கு? கையில தொழில் இருக்கு. எங்க பேர்ல எடுப்போம், நீங்க கட்டுங்க. எப்பவும் போலதான்."

எப்பவும் போல. இந்த இரண்டு வார்த்தையில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போகப் பார்த்தாள். தம்பி குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, என் ரெண்டு பில்லு அவங்க மாமனார் மேசையில கெடக்கு. நீ இப்ப முறைச்சுக்கிட்டா நான் நடுத்தெருவுக்கு வந்துடுவேன். புள்ளைகளை நினைச்சுப் பாரு." அவனுடைய பிள்ளைகளை வளர்த்தவளே அவள்தான். வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனா அழுத்தியதில் காகிதம் கிழியப் பார்த்தது.

மூலையில் மாப்பிள்ளையின் கணக்குப்பிள்ளை படிவங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷனை யாரும் ஒரு வரி ஒழுங்காக எழுத விடவில்லை. "டீ சொல்லு", "வண்டியை நகர்த்து", "மாமா போன்ல இருக்கார், நான் இல்லேன்னு சொல்லு" என்று மாப்பிள்ளை நிமிஷத்துக்கு ஒன்று ஏவினான். அவர் எழுதியும் ஓடியும், ஓடியும் எழுதியும் முடித்தார். எந்தக் கவரில் எதைப் போட்டோம் என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம். யாருக்குத் தோன்றும்? எல்லாம் நம்முடைய கவர்தானே.

மறுநாள் மாநகராட்சிக் கூடத்தில் கவர்களைப் பிரித்தார்கள். கடமைக்கு வந்தவர்கள் போல எல்லாரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். குமாஸ்தா ஒவ்வொரு கவராகப் பிரித்துப் பெயரையும் விலையையும் படித்தார். மாப்பிள்ளையின் பெயருக்கு நேரே படித்த விலை கேட்டுச் சுவரெல்லாம் நிமிர்ந்தது. தோற்பதற்காகப் போடுகிற விலை அது. அடுத்த கவர் சிமெண்டக்காவுடையது. குமாஸ்தா படித்தார். அவருக்கே சந்தேகம் வந்து இன்னொரு தடவை படித்தார்.

மாப்பிள்ளைக்கென்று பேசி வைத்த விலை, அவளுடைய கவருக்குள் இருந்தது.

கணக்குப்பிள்ளை கூடத்தின் கதவைத் தேடினார். மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. "குறைந்த விலை, இந்த அம்மாதான்" என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

சிமெண்டக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. கடைசியாகத்தான் நம்பிக்கை வந்தது. அந்த விலைக்கு அந்த வேலையைத் தங்கமாகச் செய்யலாம். வாட்டம் வைத்து, மூடி போட்டு, ஆஸ்பத்திரி வாசலையும் தூக்கிக் கட்டலாம். சட்டப்படி வேலை அவளுடையது. யார் என்ன செய்யமுடியும்?

அரை மணி கழித்து இன்ஜினியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே மாப்பிள்ளை, கணக்குப்பிள்ளை, தம்பி. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சும்மா" என்றார் இன்ஜினியர், மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சாமி படத்தைப் பார்த்தபடி. "குடும்பச் சூழ்நிலையால என்னால செய்ய முடியலைன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பேசி விலையைக் குறைச்சு முடிச்சுக்கறோம்."

"எனக்குக் குடும்பமும் நல்லாருக்கு, சூழ்நிலையும் நல்லாருக்கு சார்."

"அக்கா, விளையாடாதீங்க" என்றான் மாப்பிள்ளை. "அது என் விலை."

"உங்க விலையா? உங்க விலையைத்தான் குமாஸ்தா சார் காலையில படிச்சாரே. நல்ல உசந்த விலை."

"கவர் மாறிப்போச்சுன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"எப்படி மாப்பிள்ளை மாறும்? உங்க கவர் உங்க வீட்டுல, என் கவர் என் வீட்டுல எழுதினது. நடுவுல காத்தடிச்சா மாறிச்சு?" அவள் கணக்குப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கய்யா. சார் கேட்டுக்கட்டும்."

கணக்குப்பிள்ளை மாப்பிள்ளையைப் பார்த்தார். சொன்னால் எல்லாரும் மாட்டுவார்கள் என்பது அந்த அறையில் இருந்த மின்விசிறிக்குக்கூடத் தெரியும். இன்ஜினியர் காதைப் பொத்தாத குறையாக, "அதெல்லாம் என் எதிர்ல பேசாதீங்க, எனக்கு எதுவும் தெரியாது" என்றார்.

"தெரியாதுன்னா நல்லது சார். வேலை உத்தரவுக்கு எப்ப வரட்டும்?"

தம்பி வராந்தா வரைக்கும் பின்னாலேயே வந்தான். "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? கால்ல விழறேன், எழுதிக் குடுத்துடு."

"நான் ஜெயிச்சிருக்கேன்டா. ஒரு தடவை, தப்பித் தவறியாவது ஜெயிச்சிருக்கேன். நீ என் கூடப் பொறந்தவன்தானே? நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வருதா உன் வாயில?"

அவன் செருப்பின் நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

வேலை உத்தரவுக்கு அவள் நடையாய் நடந்தாள். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே கேட்டால் கீழே வந்துவிட்டது என்றார்கள். கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது. நிர்வாகக் காரணங்களால் டெண்டர் ரத்து. மறு டெண்டர் விரைவில். அதற்குக் கீழே புதிதாக ஒரு நிபந்தனை: இதே போன்ற வடிகால் வேலையைச் சொந்தப் பெயரில் முடித்தவர்கள் மட்டுமே கேட்கலாம்.

அதே இடத்தில், அந்தத் தண்ணீர் நிற்கிற வடிகாலைக் கட்டியவன் ஒருவன்தான். அவன் முடித்தவன். அவளோ ஒன்றும் முடிக்காதவள்.

அவள் இன்ஜினியர் அறைக்குள் போனாள். குரல் தரையோடு தரையாக இறங்கியிருந்தது.

"என்ன காரணம் சார்?"

"போட்டிருக்கே. நிர்வாகக் காரணம்."

"அதுக்கு ஒரு பேர் இருக்கும்ல? ஒரு மாப்பிள்ளை, ஒரு மாமனார்னு?"

"இதோ பாரும்மா. ரொம்பப் பேசினா உனக்குத்தான் கஷ்டம். நீயும் எத்தனை கவர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். வெளியில வந்தா முதல்ல போறது உன் பதிவு. மூணு தலைமுறைக்கு உன் பேர்ல டெண்டர் கேட்க முடியாது."

"எதுவும் தெரியாதுன்னு சொன்னீங்களே சார்?"

அவர் ஒரு ஃபைலை இழுத்துப் பிரித்தார். அவள் வெளியே வந்தாள். அவர் பயமுறுத்துவதாக நினைத்துக்கொண்டு வழியைக் காட்டிவிட்டார், பாருங்கள். இத்தனை நாளாக அந்தப் பதிவைக் காப்பாற்றத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டித் தலையாட்டி என்ன கிடைத்தது? தண்ணீருக்கு நடுவில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு குழந்தை. அந்தப் பதிவு இனி இருந்தால் என்ன, போனால் என்ன?

வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவரிடம் போய் உட்கார்ந்தாள். ஒத்தாசை என்றால் என்ன, ஹார்டுவேர் கடையில் என்ன நடக்கும், யார் யார் வருவார்கள், எந்தெந்த வேலைக்கு யார் கையெழுத்து, யார் எழுத்து என்று ஒன்று விடாமல் சொன்னாள். மனு எழுதுபவர் இரண்டு தடவை பேனாவை நிறுத்தி, "இதையுமா அம்மா?" என்று கேட்டார். "இதையும்தான். என் பேரை முதல்ல எழுதுங்க" என்றாள்.

தம்பிக்கு எப்படியோ சேதி போய்விட்டது. மூச்சிரைக்க ஓடிவந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

"என் பேரும் இருக்கு அக்கா."

"இருக்கு."

"கூடப் பொறந்தவன்னும் பார்க்கலையா நீ?"

"பார்த்துத்தான் என் பேருக்குப் பக்கத்துல போட்டிருக்கேன்."

"நீ நல்லாவே இருக்கமாட்டே" என்றான். பிள்ளையாக இருந்தபோது அவள் அடித்தால் சொல்வானே, அதே அழுகைக் குரலில் சொன்னான். அது அவளைக் குத்தியது. ஆனாலும் ஒரு பெயரையும் அடிக்கச் சொல்லவில்லை.

கமிஷனரின் அலுவலகத்தில் மனு வாங்குகிற பெண், பாதி படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இதுல நீங்களே மாட்டிக்குவீங்க. யோசிச்சுதான் குடுக்கறீங்களா?"

"முத்திரை குத்தி நகல் குடும்மா. விஜிலென்ஸுக்கு ஒண்ணு, பத்திரிகைக்காரங்களுக்கு ஒண்ணு போகுது."

அந்தப் பெண் முத்திரையை எடுத்தாள். ஓங்கிக் குத்தினாள். கொஞ்சம் தேவைக்கு மேலேயே ஓங்கியதாகச் சிமெண்டக்காவுக்குப் பட்டது.

படியிறங்கி வந்தால், அவளுடைய ஆட்கள் வேன் பக்கத்தில் காத்திருந்தார்கள். மேஸ்திரி முன்னால் வந்தார்.

"வேலை கிடைச்சுதாக்கா?"

"இல்ல. இனிமே இங்க எப்பவும் கிடைக்காது. பதிவு போயிடும்."

"அட கடவுளே. அவங்களுக்கு?"

"அவங்களுக்கும் போகும். போகலைன்னா போகிற வரைக்கும் வந்து நிப்பேன்."

மேஸ்திரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்புறம் எதுக்குக்கா சிரிக்கறீங்க?"

"சிரிக்கலைய்யா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். ஏறு, யார் வீட்டுலயாவது சுவர் இருக்கும், போய்க் கட்டுவோம்."