மருந்து அலமாரியின் சாவி

எரித்துச் சாம்பலாக்கப்பட்ட புனித சாவாவின் எலும்புகள் மேல் ஆணை, நேற்று வடித்த பிளம் சாராயத்தின் மேல் ஆணை: இனி வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

தெற்குச் செர்பியாவின் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெர்சிதா நர்ஸாக இருந்தாள். அவள் புருஷன் மரம் சாய்ந்து இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து, அவள் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த இலையுதிர் காலத்தில் வெலிஸார் என்பவர் புதுத் தலைமையாசிரியராக வந்தார். வந்தவர் பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்கவில்லை. மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாளே விதி வந்துவிட்டது. பிள்ளைக்கு வயிற்றுவலி என்றாலும் சரி, வாத்தியாருக்கு நெஞ்சுவலி என்றாலும் சரி, கட்டடத்துக்குள் நுழையும் மருந்தெல்லாம் அலமாரிக்குள் போக வேண்டும். அதை வெளியே எடுக்கப் பெற்றவர் கையெழுத்து, டாக்டர் முத்திரை, தலைமையாசிரியர் முத்திரை மூன்றும் வேண்டும். அடிபட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் அப்படியே. தனக்கும் விலக்கில்லை என்று காட்ட, வெலிஸார் தன் சட்டைப்பையிலிருந்த ஊசியை எல்லார் முன்னாலும் ஒப்படைத்தார். கொட்டை வகை நாக்கில் பட்டால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். உடனே தொடையில் குத்திக்கொள்ளும் பேனா மாதிரியான ஊசி அது. எல்லாரும் கை தட்டினார்கள். சாவியைச் சிவப்பு நாடாவில் கோத்து, கன்றுக்கு மணி கட்டுவதுபோல் பெர்சிதாவின் கழுத்தில் அவரே மாட்டினார்.

அக்டோபரில் நெவேனா என்ற சிறுமி உடற்பயிற்சி ஏணியிலிருந்து விழுந்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. அப்பன் காட்டில் விறகு வெட்டப் போயிருந்தான். அவன் வந்து கையெழுத்துப் போடும்வரை, அதாவது பொழுது சாயும்வரை, அடுத்த வீட்டுக் குழந்தையை மடியில் வைத்திருப்பதுபோல் தன் கையைத் தானே மடியில் வைத்துக்கொண்டு அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் பெர்சிதா ஒரு வலி மாத்திரை கொடுத்தாள்.

மறுநாள் காலை, பள்ளி மொத்தத்தையும் முற்றத்தில் நிறுத்தி வைத்து வெலிஸார் கேட்டார்:

"விதி தெரியாதவளுக்கு வெள்ளைக் கோட்டு எதுக்கு? மன்னிப்புக் கேளு. சத்தமா! கடைசி வரிசைக்குக் கேக்கல."

கேட்டாள்.

"இன்னொரு தடவை அலமாரி சும்மா திறந்துச்சுன்னா, வீட்டுலயே உக்காந்து புருஷனுக்குக் கால் அமுக்கு."

நெவேனாவின் கை கோணலாகத்தான் கூடியது. அதற்கப்புறம் அவள் சிலுவை போட்டால் கை நெற்றிக்குப் போகாமல் காதுக்குப் போயிற்று.

ஜனவரியில் புனித சாவா நாள் வந்தது. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் காவல். வேகவைத்து அரைத்து இனிப்புச் சேர்த்த கோதுமையில் வந்தவர்கள் எல்லாரும் ஒரு கரண்டி சாப்பிட்டே ஆக வேண்டும்; மறுத்தால் புனிதரை வாசலில் வைத்துக் கதவைச் சாத்தியது போல. அந்த வருஷம் கோதுமை செய்யும் பொறுப்பு கசாப்புக்கடை ஷிவோயினுடையது. முன்வரிசையில் மூன்று சால்வை போர்த்தி வெலிஸாரின் தாய் ஸ்தாமென்கா உட்கார்ந்திருந்தாள். மேடையில் நெவேனா பாட்டுச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"இதுல வால்நட் இருக்கா?" என்று வெலிஸார் ஷிவோயின் காதோரமாகக் கேட்டார்.

"கோதுமையைவிட அதுதான் ஜாஸ்தி, சார். நான் என்ன கஞ்சப் பயலா?"

"எனக்கு ஒத்துக்காதுய்யா."

"சாமி கோதுமை யாரைச் சார் கொன்னிருக்கு?"

"டேய் வெலிஸார்!" என்றாள் தாய், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "சின்ன வயசுலேருந்து இதே பாசாங்கு. ஊரே பாக்குது, முழுங்குடா."

முழுங்கினார். நெவேனா இரண்டாம் அடிக்குப் போவதற்குள் அவருடைய மேலுதடு மூக்கைத் தொட்டுவிட்டது. கழுத்துப் பொத்தான் தெறித்துப் போய்ப் பாதிரியார் கையிலிருந்த மெழுகுவர்த்தியை அணைத்தது.

"குறுக்குக் காத்து!" என்று யாரோ கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் எந்த நோவுக்கும் காரணம், ஜன்னலுக்கு ஜன்னல் ஓடும் அந்தக் காற்றுதான்.

மண்டபமே எழுந்து ஓடியது, அவரை நோக்கி அல்ல, ஜன்னல்களை நோக்கி. எல்லாவற்றையும் சாத்தினார்கள், சாவித் துவாரங்களில் கையுறைகளைத் திணித்தார்கள். காற்றுக்குத் தவித்தவருக்கு இருந்த காற்றையும் அடைத்துவிட்டு, இனிப் பயமில்லை என்று உட்கார்ந்தார்கள்.

"பனியன் போடுடான்னு காலையிலேயே சொன்னேன்," என்றாள் ஸ்தாமென்கா.

வெலிஸார் பெர்சிதாவின் கழுத்தைக் காட்டினார். அவள் கை சாவிக்குப் போனது. அங்கிருந்து பார்த்தால் மேடை தெரிந்தது. நெவேனா கோணல் கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, யாரும் நிறுத்தச் சொல்லாததால் பாட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். பெர்சிதாவின் கை கீழே இறங்கியது.

"மூணும் வேணுமே, சார்," என்றாள் தேனாக.

அவர் தலையை ஆட்டினார்.

"தலையாட்டினாச் செல்லாது சார். நீங்க எழுதினதுதான்."

ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது, மலைப்பாதையில் நின்று சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தகவல் வந்தது. டாக்டர் இல்லை. மாட்டு டாக்டர் திகோமிர் இருந்தார்.

"டாக்டர் முத்திரைன்னுதானே இருக்கு? எந்த ஜீவனுக்குன்னு இல்லையே, பெர்சிதாம்மா," என்று தன் மாட்டுச் சான்றிதழ்த் தாளை எடுத்தார். அதில் 'விலங்கின் அடையாளம்' என்ற இடத்தில் 'ஆண், கொம்பில்லை' என்று எழுதிக் குத்தினார்.

"பெரியம்மா, நீங்க ஒரு கையெழுத்து," என்று பெர்சிதா ஸ்தாமென்காவிடம் தாளை நீட்டினாள்.

"ஊசியா? குறுக்குக் காத்துக்கு எவனாவது ஊசி போடுவானா? சாராயத்துல நனைச்ச காலுறை போடுங்கடா!"

போட்டார்கள். ஒரு காலுக்கு நனைத்த மிச்சத்தைத் திகோமிர் குடித்தார். மகன் ஊதா நிறமாகிவிட்டதைப் பார்த்த பிறகுதான், "சட்டை நிறத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு," என்று முனகிக்கொண்டே ஸ்தாமென்கா கையெழுத்துப் போட்டாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குடும்பப் பெயரோடு, நிதானமாக.

மிச்சம் தலைமையாசிரியர் முத்திரை. அதை அவரே பையிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் மை காய்ந்திருந்தது. காய்ந்த முத்திரையை வாயருகே வைத்து 'ஹூ' என்று மூச்சுவிட்டு ஈரமாக்கித்தான் குத்த வேண்டும். இந்த நாட்டில் பால் குடிக்கும் குழந்தைக்கும் அது தெரியும்.

"கொடுங்க சார், நான் ஊதறேன்," என்றார் திகோமிர்.

"அவர் முத்திரைக்கு அவர்தான் ஊதணும்," என்றாள் பெர்சிதா. "வேற ஆள் மூச்சுன்னா அது போலி. நாளைக்கு முற்றத்துல நிக்கப்போறது நான்தானே?"

வெலிஸார் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் முத்திரையை வாயருகே கொண்டுபோய், உள்ளே எங்கோ மூலையில் கிடந்த மூச்சையெல்லாம் சுரண்டிக் கூட்டி அதன்மேல் விட்டு, தாளில் அழுத்தினார். அவ்வளவு தெளிவான முத்திரை அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழவில்லை.

மூன்றும் சரியாக இருந்தன. பெர்சிதா வாசித்துப் பார்த்தாள், தேதி போட்டாள், நாடாவைக் கழற்றினாள். அதற்குள் ஆள் போயாகிவிட்டது. அவர் விட்ட கடைசி மூச்சுதான் தாளில் ஈரமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவுக்கும் அதே கோதுமைதான். "நல்லவேளை, நிறையச் செஞ்சேன்," என்று ஷிவோயின் மிச்சத்தை ஈமச் சடங்குக்குக் கொண்டுவந்தான். ஸ்தாமென்கா இரண்டு கரண்டி சாப்பிட்டு, குறுக்குக் காற்றைச் சபித்தாள். பெர்சிதாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. விதி மீறாத நர்ஸ் என்று அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். சாவி இன்னும் அவள் கழுத்தில்தான் தொங்குகிறது.

அந்த மருந்து அலமாரிக்கு அன்றும் சரி, இன்றும் சரி, கதவே கிடையாது.