தலையணை உறை நிறைய மிளகாய்

செல்வநாயகத்துக்கு மரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற மெஷினைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் அவன். மேலேயிருந்து பாளத்தைத் தள்ளினால் கீழே பொடியாக விழும், கூடையில் அள்ளிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான் சங்கதி. அப்பேர்ப்பட்ட ஆள் 1976-ல் பஹ்ரைனில் மரம் அரைக்கிற மெஷினுக்கு ஆபரேட்டர் என்று போய் நின்றான் என்றால், அதற்குப் பெண்டாட்டிதான் காரணம். சேச்சே, அவளைச் சொல்லக் கூடாது. அவளை விட்டு இவனால் இருக்க முடியாததுதான் காரணம்.

பெண்டாட்டி தேவகனி மனாமாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதலில் அவள் வந்தாள். பிறகு குதைபியாவில் ஒரு ரூம் பிடித்து, விசிட் விசாவில் புருஷனை வரவழைத்தாள். வந்தவன் சோறு பொங்கினான், மீன் கழுவினான், அவளுடைய வெள்ளை யூனிபார்முக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணினான். அதிலெல்லாம் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால் விசா முடியப் போகிறது. அதற்குள் ஒரு கஃபீல், அதாவது விசா கொடுக்கிற உள்ளூர் முதலாளி, பார்த்து, வேலை கொடுத்து, நம்ம ஆள் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தேவகனிக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷ கான்ட்ராக்ட். இவன் அங்கே ஐஸ் உடைக்க, அவள் இங்கே ஊசி போட. அதை நினைக்கக்கூட அவன் தயாராக இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர் வீட்டுக் கௌஸ் முகைதீன் வழி காட்டினார். காயல்பட்டினத்துக்காரர். அரபி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அபு ஜாசிம் என்ற காண்ட்ராக்டரிடம் ஃபோர்மேன், டிரைவர், மொழிபெயர்ப்பாளர், சமயத்தில் சமையல்காரர், எல்லாம் அவரே.

"எங்க அரபாப் ஒரு மெஷின் இறக்கியிருக்காரு. கிளையைப் போட்டா தூளாக்கித் துப்பும். ஓட்டுதியாவே?"

"நான் ஐஸ் மெஷின்தான் அண்ணாச்சி ஓட்டியிருக்கேன்."

"உள்ள போடுதது பொடியா வெளிய வருமில்லா? பொறவு என்ன? ஐஸும் ஒண்ணுதான், மரமும் ஒண்ணுதான்."

இப்படி யாராவது சொன்னதை நம்பித்தான் பாதி ஜனம் அந்தக் காலத்தில் விமானம் ஏறியது. செல்வநாயகமும் நம்பினான்.

போய்ப் பார்த்தால், அது மெஷின் இல்லை, பசி எடுத்த பிசாசு. லாரிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற மாதிரி சக்கரம். முன்னால் கதவு அகலத்துக்கு ஒரு இரும்பு வாய். உள்ளே கத்திகள் பதித்த உருளை சுற்றும். பின்னால் வளைந்த குழாய் வழியாக மரத்தூள் சீறிக்கொண்டு போய் விழும். ஐஸ் மெஷினுக்கு நாம் ஊட்ட வேண்டும். இது தானே பிடுங்கித் தின்கிற ஜாதி. பேரீச்ச மட்டையின் அடிப்பக்கத்தை வாயில் காட்டினால் போதும், வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அந்த நிமிஷம் கையை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். முதல் நாள் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்துவிட்டுத்தான் இந்தப் பாடத்தைக் கற்றான். நல்ல வேளை, துண்டோடு போயிற்று.

அதற்குப் பிறகு கவனமாகிவிட்டான். வாய்க்கு நேரே நிற்க மாட்டான், பக்கவாட்டில்தான் நிற்பான். மணல் ஒட்டிய மட்டையைத் தட்டிவிட்டுத்தான் போடுவான், இல்லாவிட்டால் கத்தி மழுங்கிவிடும். பேரீச்ச மட்டையில் அடிப்பக்கம் ஊசி ஊசியாக முள் இருக்கும். அது துணியைக் கோத்து இழுத்துவிடக் கூடாதென்று சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இறுக்கிச் சுருட்டிக்கொண்டான். ஒரு வாரத்தில் மெஷினும் அவனும் ஒரு மாதிரி சமாதானமாகிவிட்டார்கள்.

அப்போதுதான் அபு ஜாசிம் குண்டைத் தூக்கிப் போட்டார். முனிசிபாலிட்டித் தோட்டப் பிரிவுப் பெரியவர் மெஷினைப் பார்க்க வருகிறாராம். ரோட்டோரம் வெட்டுகிற கிளைகளையெல்லாம் இதுவரை குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷனுக்கு மெஷின் பிடித்துவிட்டால் ஊர் மரமெல்லாம் அபு ஜாசிமுக்கு. மெஷின் நன்றாக ஓடினால் செல்வநாயகத்துக்கு விசா. ஓடாவிட்டால்?

"கலாஸ்" என்றார் அபு ஜாசிம். அதற்குக் கௌஸ் அண்ணாச்சி மொழிபெயர்ப்புச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை.

பெரியவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் லாரியையும் மெஷினையும் குதைபியாச் சந்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார் அண்ணாச்சி. சந்தே கூடிவிட்டது. பால்கனியில் நின்று பார்த்தவர்கள், சக்கரத்தை உதைத்துப் பார்த்தவர்கள், "எம்மாடி, எவ்ளோ பெருசு! இதையா நம்ம செல்வநாயகம் ஓட்டுதான்?" என்று கன்னத்தில் கை வைத்தவர்கள். டியூட்டி முடிந்து வந்த தேவகனி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே மாடி ஏறினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். உறை நிறைய காய்ந்த மிளகாய், ஒரு படி கல் உப்பு, ஒரு படிகாரக் கட்டி.

"ஏட்டி, என்னது இது?"

"கண்ணு படாம இருக்க. அத்தனை பேரும் வாயைப் பொளந்து பார்க்காங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க."

"நர்ஸுக்குப் படிச்சவதானே நீ? இதையெல்லாம் நம்புதியா?"

"நம்பல. கட்டுனா ஒண்ணும் கெட்டுப் போயிராதுல்ல?"

"மாதா படம் ஒட்டியிருக்கேனே, பத்தாதா?"

"மாதா மாதா வேலையைப் பார்ப்பா. மிளகா மிளகா வேலையைப் பார்க்கும்."

"சரி, அதுக்கு நாலு மிளகா பத்தாதா? கடையையே காலி பண்ணிட்டியே!"

தேவகனி அவனை நோயாளியைப் பார்ப்பது போல் பார்த்தாள். "பச்சப் புள்ளைக்குக் கொடுக்கிற டோஸைப் பயில்வானுக்குக் கொடுக்க முடியுமா? எடைக்குத் தக்கனதான் மருந்து. இந்த மெஷின் எத்தனை டன்னு?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? உங்களால் முடிந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில்தான் கட்டுவது வழக்கம், மெஷினுக்கு வாய்தான் வாசல் என்று அதன் மேல்விளிம்பில் கட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியால் மூன்று சுற்றுச் சுற்றி, காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி முடிச்சுப் போட்டாள். மிச்சத் துணி ஒரு முழம் வால் மாதிரி தொங்கியது. காலையில் அவிழ்த்துவிட வேண்டும் என்று செல்வநாயகம் நினைக்கத்தான் செய்தான். ஆனால் ஐஸ் கம்பெனி மெஷின் வாயிலும் எலுமிச்சம்பழம், மிளகாய் என்று எந்நேரமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. போதாக்குறைக்குத் தேவகனி டியூட்டிக்குப் போகும்போது அந்த மூட்டையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். அதைப் பார்த்த பிறகு அவிழ்க்க அவனுக்கு மனசு வரவில்லை. ஐஸ் மெஷின் தானாக எதையும் பிடுங்காது, இது பிடுங்கும் என்பது அந்த நேரத்தில் அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

ஊருக்கு வெளியே வெட்டிச் சாய்த்த ஒரு பேரீச்சந்தோப்பில் ஏற்பாடு. அபு ஜாசிம் கம்பளம் விரித்து, நாற்காலி போட்டு, காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்து அமர்க்களப்படுத்தியிருந்தார். நாற்காலிகளை எங்கே போட்டார் என்கிறீர்கள்? தூள் சீறி விழுகிற அழகு நன்றாகத் தெரிய வேண்டும் என்று குழாய்க்கு எதிரே கொஞ்சம் தள்ளி! முனிசிபாலிட்டிப் பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அபு ஜாசிமின் மச்சான்மாருக்கு நடுவில் உட்கார்ந்தார். சிரித்தால் வரி கட்ட வேண்டும் என்பது போல் ஒரு முகம். வந்ததும் வராததுமாக அவர் ஏதோ சொல்ல, அண்ணாச்சி செல்வநாயகத்தின் காதைக் கடித்தார்: "ஒரு தீக்குச்சி போதுமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மெஷினுங்கான்."

செல்வநாயகம் மனசுக்குள் ஒரு செபம் சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினான்.

முதல் மட்டை போனது. தூள் பறந்தது. இரண்டாவது, மூன்றாவது, பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து. நாற்காலிகளில் "மாஷா அல்லாஹ்" என்று சத்தம் எழுந்தது. அபு ஜாசிம் மீசையைத் தடவிக்கொண்டார். செல்வநாயகத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. நல்ல நீள மட்டையாகப் பார்த்து எடுத்தான், தட்டினான், வாயில் காட்டினான், கையை விட்டான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். அந்த மட்டையின் முள் மட்டும், தொங்கிக்கொண்டிருந்த துணி வாலைக் கோத்துக்கொண்டு போனது.

தேவகனி போட்ட முடிச்சு அவிழுமா? அவிழவில்லை. தலையணை உறையே விளிம்பிலிருந்து கிழிந்து, மிளகாய், உப்பு, படிகாரம் சகலமும் மட்டையோடு உள்ளே போய்விட்டன.

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? குழாயிலிருந்து செக்கச்செவேலென்று ஒரு மேகம் கிளம்பியது. நேரே கம்பளத்துக்கு மேலே போய் நிதானமாக இறங்கியது. அபு ஜாசிம் தும்மினார். அவருடைய மச்சான்மார் வரிசையாகத் தும்மினார்கள். காவா ஊற்றிக்கொண்டிருந்தவன் தும்மிய தும்மலில் குவளைகள் உருண்டன. அண்ணாச்சி தும்மிக்கொண்டே ஓடி வந்து இன்ஜினை அணைத்தார். செல்வநாயகமும் தும்மினான். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே அவனுக்குத் தூத்துக்குடி ஸ்டேஷன் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டதே!

"ஷூ ஹாதா?" என்று அபு ஜாசிம் கத்தினார். என்ன இழவு இது என்று அர்த்தம்.

"வாயைத் திறக்காதே. மரத்துக்கு ஏதோ நோய்னு சொல்லிருதேன்" என்று கிசுகிசுத்தார் அண்ணாச்சி.

நல்ல யோசனைதான். ஆனால் கம்பளமெல்லாம் மிளகாய் விதை சிதறிக் கிடக்கிறது. எந்த மரத்துக்கு ஐயா மிளகாய் காய்க்கிற நோய் வரும்? "உள்ளதைச் சொல்லுங்க அண்ணாச்சி. மெஷினுக்குக் கண்ணு படாம இருக்கக் கட்டுனது. நான்தான் கட்டினேன்னு சொல்லுங்க."

"கட்டுனது தங்கச்சில்லா?"

"நான்தான்னு சொல்லுங்க."

அண்ணாச்சி சொன்னார். கண் என்றதும் அபு ஜாசிமின் கோபம் அப்படியே நின்றது. கண்ணேறு என்றால் அந்த ஊரில் யாருக்கும் விளையாட்டில்லை. "யாருடைய கண்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுற்றி இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

கௌஸ் முகைதீன் பெரிய கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் அவருக்கு எங்கிருந்தோ புத்தி வந்தது. எங்கள் ஊரில் சுற்றிப்போட்ட மிளகாயை நெருப்பில் போடுவோம், நெடி அடித்து எல்லோரும் தும்மினால் கண்ணே இல்லை என்று அர்த்தம், தும்மல் வராவிட்டால்தான் ஆபத்து என்று நீட்டி முழக்கினார். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நம் பக்கம் வழக்கமே அதுதானே?

அபு ஜாசிம் யோசித்தார். மச்சான்மாரைப் பார்த்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்ற, எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் இங்கே வந்த யாருக்கும் என் மேல் பொறாமை இல்லை! என்று கையை விரித்துக்கொண்டு திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார்.

நடு நாற்காலியில் முனிசிபாலிட்டிப் பெரியவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு தும்மல் இல்லை. பாவம், அவருக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு அடைத்துப் போயிருந்தது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி காவல். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தும்மாத ஒரே ஆள் அவர்தான் என்பதுதான் தெரிந்தது. மச்சான்மார் மெதுவாக நாற்காலிகளை அவரைவிட்டு நகர்த்திக்கொண்டார்கள்.

பெரியவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து ஒரு தும்மல் தும்மினார் பாருங்கள், நாடகத்தில்கூட யாரும் அவ்வளவு பச்சையாகத் தும்மியிருக்க மாட்டார்கள். மூக்கு பங்கெடுக்கவே இல்லை, முழுக்க முழுக்க வாயாலேயே தும்மினார். ஆனாலும் "யர்ஹமுகல்லாஹ்!" என்று கூட்டமே ஆசீர்வதித்தது. அபு ஜாசிம் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த மனுஷனால் எப்படி மெஷின் வேண்டாம் என்று சொல்ல முடியும்? சொன்னால் தும்மியது பொய் என்று ஆகிவிடாதா? ஊர் மரமெல்லாம் அபு ஜாசிமுக்கே என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவது காவாகூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார்.

அபு ஜாசிம் செல்வநாயகத்திடம் வந்தார். முதுகில் ஒரு அறை விட்டார். பாஸ்போர்ட்டைக் கொண்டு வா, இனிமேல் மிளகாயை இன்ஜின் அணைத்த பிறகு கட்டு என்றார்.

சாயங்காலம் ரூமில், சிவந்த கண்ணோடு செல்வநாயகம் கதை முழுவதையும் சொன்னான். தேவகனி சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு நான்தான்னு சொன்னீங்க? அந்த ஆளு கோவத்துல விரட்டிவிட்டிருந்தா?"

"பின்னே, சிஸ்டர் தேவகனி மெஷினுக்கு மிளகா கட்டுச்சுன்னு ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்கணுமா? நான் போனாலும் நீ இங்கதானே இருந்தாகணும்."

"யாரு சொன்னா?"

"கான்ட்ராக்ட் இருக்குல்லா?"

தேவகனி யூனிபார்ம் தொப்பியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள். "போன மாசமே மேட்ரன்கிட்ட சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரருக்கு விசா கிடைக்கலைன்னா நானும் கிளம்பிருவேன், கான்ட்ராக்டைக் கிழிச்சுப் போட்டுக்கோங்கன்னு."

ஒரு மாசமாக விசா விசா என்று நெஞ்சு வேகத் திரிந்தவன் செல்வநாயகம். அந்த நெஞ்சுக்கு அவள் எதிரேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"முன்னாடியே சொன்னா என்னட்டி?"

"சொல்லியிருந்தா நீங்க மெஷின் பக்கமே போயிருக்க மாட்டீங்க. ரெண்டு பேருமா ஊருக்குப் போயிருவோம்னு அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும்தான். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டில் அழுகைதான் முந்திக்கொண்டது. கொஞ்ச நேரம் அவள் தோளில் சாய்ந்து ஒழுங்காக அழுது முடித்தான்.

"சரி, நாளைக்கு மேட்ரன்கிட்ட என்ன சொல்லப்போறே?"

"கிழிக்க வேண்டாம்னு சொல்லணும்."

"அப்ப காலையில போகும்போது என்னையும் எழுப்பி விடு. எனக்கும் டியூட்டி இருக்கு" என்றான் செல்வநாயகம்.