நூற்று எழுபத்தைந்து

கணவன் மனைவி சண்டைக்கு உலகத்தில் காரணமா இல்லை? சமையல், சம்பளம், மாமியார் என்று எவ்வளவோ கிடக்கிறது. கணக்கு டீச்சரும் அவள் கணவரும் மட்டும் இருபது வருடமாகத் துப்பாக்கிக் குண்டின் எடைக்காகச் சண்டை போட்டார்கள்.

இருவருமே இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள். தோட்டாக்களை வீட்டு மேசையிலேயே தயாரித்துக்கொள்வார்கள். பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்தை அளந்து கொட்டி, கூட்டின் வாயில் குண்டை அழுத்திப் பொருத்த வேண்டும். குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள், ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெயின். அவளுக்கு நூற்று ஐம்பத்தைந்து கிரெயின் குண்டுதான். பறந்து போகும், தோளையும் இடிக்காது. அவருக்கோ நூற்று எழுபத்தைந்து. கனமாக இருந்தால்தான் காற்று மரியாதை கொடுக்கும் என்பார். காற்றைப் படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் கனம் வேணும் என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி, இரண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை இல்லை. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே குண்டுப் பெட்டிதான் திறந்திருக்க வேண்டும். அவள் குண்டுக்கு விளிம்புவரை போடும் மருந்தின்மேல் அவருடைய கனத்த குண்டு ஏறினால், அழுத்தம் தாங்காமல் துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும். போதாததற்கு அவர் தன் குண்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார், அவளுடைய நகப்பூச்சைத் திருடி.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு மதியம் அவர் அலுவலக மாடிப்படியில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவள் அந்த மேசையில்தான் இருந்தாள். போட்டது போட்டபடி ஓடினாள். எந்த வாதத்தையும் முடிக்காமல் மனிதர் போய்விட்டார்.

துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது, மனசே இல்லாமல் மேசைக்குத் திரும்பி அறுபது தோட்டா தயாரித்தாள். ஒரே ஒரு இடம்தான் காலி. தன் குண்டாலேயே அந்த இடத்தைப் பிடித்து, இருபது வருட வழக்கில் தீர்ப்பு வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். மருந்தை மின்தராசில் அளந்தாள். குண்டுகள் முன்பே நிறுத்துப் பிரித்தவைதானே என்று மறுபடி நிறுக்கவில்லை. எல்லாம் முடித்துத் தராசை அணைத்தாள்.

அது தானாகவே விழித்துக்கொண்டது. தட்டில் தூசி கூட இல்லை. எண் மட்டும் 175.0.

மறுநாளும் அதே. எடைக்கல்லை வைத்தால் ஒழுங்காகக் காட்டும், எடுத்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். கடிகாரம் பழுது பார்க்கும் நாத்தனார் வந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு கோளாறும் இல்லை என்றாள். அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அண்ணி, அண்ணன் ஏதோ சொல்லுது."

"என்னத்தச் சொல்லப்போறாரு? ஆள் போனாலும் பிடிவாதம் போகல" என்றாள் டீச்சர்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

தேர்வு நாள் காலை. அறுபது தோட்டாக்களையும் பையில் வைத்தாள். தராசு 175.0 என்றது. அணைத்தாள், எரிந்தது. பேட்டரியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். 175.0. பச்சை வெளிச்சம் சுவர்வரை விழுந்தது. அவள் பயந்தாள், பிறகு பயந்ததற்காகவே கோபம் வந்தது.

"இன்னிக்காவது என்னை என் இஷ்டத்துக்கு சுட விடுங்க" என்றாள் வெற்று மேசையைப் பார்த்து.

அதன் வாயை அடைக்கவென்றே ஒரு தோட்டாவைத் தட்டில் வைத்தாள். எண் ஒழுங்காக மாறி, தோட்டாவின் எடையைக் காட்டியது. இன்னொன்று வைத்தாள், ஏறக்குறைய அதே எடை. எடுக்க எடுக்க 175.0 திரும்பியது. வீம்புக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். முப்பத்தேழாவது தோட்டா மற்றவற்றைவிட இருபது கிரெயின் அதிகம் காட்டியது.

குண்டு கழற்றும் சுத்திக்குள் அந்தத் தோட்டாவை மாட்டித் தட்டி, குண்டைப் பிரித்தெடுத்தாள். மற்றவற்றைவிட ஒரு நெல் அளவு நீளம். திருப்பினாள். அடியில் சிவப்புப் புள்ளி.

அப்போதுதான் அந்த மதியம் முழுசாக நினைவுக்கு வந்தது. மேசைச் சட்டத்தை மீறி இரண்டு குண்டுப் பெட்டியையும் திறந்து வைத்திருந்தாள். ஆசையாக அவருக்கும் சேர்த்து நிறுத்துக்கொண்டிருந்தாள். போன் வந்தபோது கையில் இருந்ததை எந்தப் பெட்டியில் போட்டோம் என்று பார்க்கவே இல்லை. அவர் வாதாடவில்லை. ஒரு மாதமாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், இவள்தான் பழைய சண்டை என்று காதை மூடிக்கொண்டாள்.

அந்தக் குண்டைத் தட்டில் வைத்தாள். எண் அணைந்துபோனது.

மீதி இருபத்து மூன்றையும் நிறுக்க, பேட்டரியைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. எல்லாம் அவளுடையவைதான். போய்ச் சுட்டாள். காற்று அன்று நாலு பக்கமும் அடித்தது, இருந்தும் இடம் அவளுக்குத்தான். நூற்று ஐம்பத்தைந்துக்கே தீர்ப்பு.

மாலையில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தராசைப் போட்டாள். 0.0 என்றது. அணைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள். தானாக எரியவில்லை.

"சரிங்க, நூத்தி எழுபத்தஞ்சுதான் சரி. நான் தோத்துட்டேன், போதுமா?" என்றாள்.

மறுபடி போட்டாள். 0.0. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.